மல்லிகைப் பெட்டிக்குள் புகை ஐஸ்

போன வருஷம் வைகாசியில் நடந்தது இது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற வழி. ஒரு வருஷம் ஓடிவிட்டது என்று காலண்டர் சொல்கிறது. எனக்கோ, காரில் ஏறி உட்கார்ந்ததும் யாராவது கண்ணாடியை மேலே ஏற்றினாலே போதும், என் கை தானாகப் போய் அதை இறக்கிவிடும்.

எங்கள் வீடு தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மல்லிகையும் சம்பங்கியும் போட்டிருக்கிறோம். என் கணவருக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூவோடுதான் எனக்குப் பொழுது விடிகிறது. அதனாலேயே பூ வாசம் எனக்குத் தெரியாது. விருந்தாளிகள் வந்து மூக்கை உறிஞ்சி 'ஆகா' என்னும்போதுதான், ஓகோ, நம் வீட்டில் வாசம் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு பேராசிரியர் தன் மாணவியைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் மொட்டை மாடியைக் கேட்டார். குடியிருக்க இல்லை, காற்றுப் பிடிக்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திண்டுக்கல்காரர்கள் தண்ணீர் பிடிக்கக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள். காற்றைப் பிடிக்க ஆள் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். சுற்றிலும் தோட்டம், ஆலைப் புகை எதுவும் படாத இடம், இந்த மாடிதான் தோதுப்படும் என்று பேராசிரியர் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுவாரமே அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவாள். திண்டுக்கல்லில் ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். மாடியில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இறக்கியிருந்தாள். குழாயின் இந்த முனையில், லாடம் மாதிரி வளைந்த ஒரு கண்ணாடிக் குழல். அதை அகன்ற வாய் ஃபிளாஸ்க்குக்குள் இறக்கி, சுற்றிலும் ஸ்பிரிட் ஊற்றி, ஐஸ் துண்டுகளைப் போடுவாள். சின்ன மோட்டார் ஒன்று காற்றை மெதுவாக இழுக்கும். அந்தக் குளிரைக் கடந்து போகும்போது காற்றில் ஆவியாக இருக்கும் தண்ணீர் மட்டும் குழலின் உள்பக்கத்தில் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு பக்கமும் அடைத்து உருகவிட்டால், மணிக்கணக்கில் காத்திருந்ததற்குக் கிடைப்பது சில சொட்டுத் தண்ணீர். அதைச் சுண்டுவிரல் அளவு பாட்டிலில் அடைத்து, எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

இந்தச் சொட்டை வைத்து என்னதான் செய்வாய் என்று கேட்டேன். தண்ணீரிலேயே கனமான தண்ணீர், லேசான தண்ணீர் என்று உண்டாம். ஐசோடோப்பு என்று பெயர் சொன்னாள். கடலிலிருந்து கிளம்பிய ஈரம் வழியெல்லாம் மழையாகப் பெய்துகொண்டே வரும்போது கனமானது முந்திக்கொண்டு இறங்கிவிடும். மிச்சத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அது கிழக்குக் கடலில் கிளம்பியதா, மேற்குக் கடலில் கிளம்பியதா, இல்லை எங்கள் தோட்டத்து இலைகளே வெளியே விட்ட ஈரமா என்று கண்டுபிடிக்கலாமாம். "அப்ப மேகத்துக்கு ஜாதகம் பாக்குறேன்னு சொல்லு" என்றேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்கு 'ஜோசியக்காரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். மோட்டார் ஓடும்போது கம்பத்துக்குக் கிட்டே யாரும் போகக் கூடாது. நான் ஒருநாள் வடகம் காய வைக்கப் போய் அங்கேயே நின்று கதை பேச, பதறிப்போய் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். மனுஷர் விடும் மூச்சில் தண்ணீர் இருக்கிறதாம், அது குழாய்க்குள் போனால் அன்றைய கணக்கே தப்பிவிடுமாம். மூச்சில் தண்ணீர் இருக்கிறது என்பதை இந்த வயதில் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த ஐஸ். மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் பார்சலாக வரும். நம் வீட்டு ஐஸ் மாதிரி அது உருகித் தண்ணீராகாது. வெள்ளையாய்ப் புகைந்து புகைந்து, ஒரு சொட்டு ஈரம் விடாமல் காணாமல் போய்விடும். கரியமில வாயுவை உறைய வைத்த கட்டி என்றாள். இவர் அதற்குப் புகை ஐஸ் என்று பெயர் வைத்தார். வெறுங்கையால் தொடாதீர்கள், பெட்டியை இறுக்கி மூடாதீர்கள் என்று அவள் வந்த அன்றே சொல்லிவிட்டாள். வெயிலில் கிடக்கிறதே, கீழே சாமான் அறைக்குள் வைக்கட்டுமா என்று இவர் கேட்டதற்கு, ரூமுக்குள் வேண்டாம், காற்றோட்டமாக மாடிக் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றாள். இவர் தலையாட்டினார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் மழையே இல்லை. எங்களைவிட அவள்தான் அதிகம் ஏங்கினாள். முதல் கோடை மழை இறங்குவதற்கு முன்னால் காற்றில் இருக்கும் ஈரம், பெய்யும்போது இருப்பது, பெய்து முடித்தபின் இருப்பது என மூன்றையும் பிடிக்க வேண்டுமாம். அதுதான் அவள் ஆராய்ச்சியிலேயே முக்கியமான பகுதியாம். பங்குனி போய்ச் சித்திரையும் போய்விட்டது. வானம் வெளுத்தே கிடந்தது. மாடியில் நின்று கொடைக்கானல் மலைப்பக்கம் பார்த்துப் பார்த்து அவள் கழுத்தே நீண்டுவிட்டது என்று கேலி செய்வேன்.

இந்த நிலையில்தான் வடமதுரையில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. இவர் தாய்மாமன். தாய்மாமன் சீரில் எது குறைந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், பூக்கடைக்காரர் வீட்டுச் சீரில் பூ வாடியிருந்தால் விடுவார்களா? ஏற்கெனவே அதே பெண்ணின் சடங்குக்கு நாங்கள் கொண்டுபோன மல்லிகை, ஐஸ் உருகி நனைந்து, பழுப்பேறி, போய்ச் சேரும்போது அவித்த கீரையாகிவிட்டது. "பூ மார்க்கெட்டுக்காரரு வீட்டுப் பூவைப் பாருங்கப்பா" என்று அவர்கள் பக்கத்தில் யாரோ சிரித்தது இவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு முகம் சுருங்கியவர், இந்தக் கல்யாணத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று கருவிக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று காலை அந்தப் பெண் வழக்கம்போல் வந்தாள். வேலையை முடித்தாள். புதுப் பெட்டி ஒன்று முழுசாக வந்து இறங்கியிருந்தது. அதைக் கொட்டகையில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். காலையில் போனால் மறுநாள்தான் வருவாள். இவர் மாடிக்குப் போய்விட்டு வந்து, முகமெல்லாம் பிரகாசமாக என்னிடம் சொன்னார்: "ஏ புள்ள, இது எப்பிடியும் நாளைக்குள்ள பாதி புகையாப் போயிரும். அதைப் பூவுக்கு வச்சா ஒரு சொட்டுத் தண்ணி விடாது பாத்துக்க." அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். போய்ச் சேர்ந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது.

அவள் சொன்ன எதையும் அவர் மீறவில்லை. வெறுங்கையால் தொடக் கூடாதென்று சாக்கைச் சுற்றிக்கொண்டு கட்டியை உடைத்தார். துண்டு துண்டாகப் பேப்பரில் மடித்து, மல்லிகைப் பெட்டிகளின் அடியில் பரப்பினார். இறுக்கி மூடக் கூடாதென்று ஒவ்வொரு மூடியிலும் கத்தியால் ஓட்டை போட்டார். ரூமுக்குள் வைக்கக் கூடாது என்பதும் அவருக்கு நினைவிருந்தது. காரை யார் ரூம் என்று நினைப்பார்கள்?

எங்கள் காரில் டிக்கி தனியாகக் கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னாலேயே சாமான் வைக்கும் இடம், நடுவில் அடைப்பு எதுவும் இல்லை. பெட்டிகளை அங்கே அடுக்கினார். பின் சீட்டில் என் மகள், அவள் மடியில் அவள் மகன். தலைப் பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட நாள் பார்த்திருந்தோம். முன்னால் நானும் இவரும். வெளியே அனல் காற்று. பிள்ளைக்கு வெக்கை ஆகாது என்று கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டு, வெளிக் காற்று வராத மாதிரி பட்டனை அழுத்தி, ஏசியை முழுசாக வைத்தார்.

திண்டுக்கல்லுக்குள் இரண்டு இடத்தில் நின்றோம். மாலை கட்டுகிறவரிடம் ஒரு தடவை, பழக்கடையில் ஒரு தடவை. இவர் மட்டும் இறங்கிப் போனார். நாங்கள் ஏசியை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பழக்கடையில் செத்த நேரம் அதிகமாகிவிட்டது. திருச்சி ரோட்டில் ஏறும்போது எனக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. மூச்சு வாங்கியது. படிக்கட்டு ஏறி வந்தவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். பட்டுச் சேலையை இறுக்கிக் கட்டியதால்தான் என்று கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டேன். மூக்குக்குள் ஏதோ சுருக்கென்று ஏறியது, கோலி சோடா குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் ஏறுமே, அந்த மாதிரி.

தலை வலிக்கிறது என்று இவரிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது, பூ வாசம் தலைக்கு ஏறிவிட்டது என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகப் பூ மூட்டைகளுக்கு நடுவே புழங்குகிற எங்களுக்குப் பூ வாசத்தால் தலைவலியா? யோசிக்கத் தோன்றவில்லை. யோசனை என்பதே அப்போது மண்டைக்குள் ஓடவில்லை.

பின்னால் மகள் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் தூங்கினான். காரில் ஏற்றினாலே ஊரைக் கூட்டி அழுகிறவன் அவன். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. அப்பாடா, கல்யாண வீட்டுக்குப் போகும்வரை நிம்மதி என்று நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

இவர் கொட்டாவிமேல் கொட்டாவி விட்டார். வண்டி கோட்டைத் தாண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போக, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், நாக்கு எழவில்லை. அப்போதுதான் என் மடியில் இருந்த போன் அடித்தது. ஜோசியக்காரிதான். பெட்டி விஷயமாக இருக்கும், என்ன சொல்வது என்று கூசி எடுக்காமல் விட்டேன். நின்று, திரும்ப அடித்தது. இந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்வானே என்றுதான் கடைசியில் எடுத்தேன். அவ்வளவு நேரம் அடித்தும் அவன் ஏன் விழிக்கவில்லை என்று ஒரு நொடி நினைத்திருந்தால்!

"அக்கா, மாடியில வெச்சிருந்த பெட்டிய எடுத்தீங்களா?"

"மாமா பூவுக்குன்னு எடுத்துட்டு வந்துட்டாரு தாயி."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கார்லதான். வடமதுரை ரோட்டுல."

அவள் குரல் மாறிவிட்டது. கண்ணாடி மூடியிருக்கிறதா என்று கேட்டாள். இதென்ன கேள்வி, ஏசி போட்டால் மூடாமல் இருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

"எல்லாக் கண்ணாடியும் இறக்குங்கக்கா. வண்டிய ஓரங்கட்டிட்டு எல்லாரும் வெளிய வந்துருங்க. இப்பவே."

கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். "கோவிச்சுக்காத தாயி, நாளைக்கே வேற பெட்டி வாங்கித் தாரோம்" என்று குழறினேன்.

"பெட்டி கெடக்கட்டுங்க. குட்டிப் பையன் மூச்சு விடறானான்னு பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. எப்போதும் செக்கச் செவேலென்று இருக்கும் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. இத்தனை குளிரில் வியர்வை. மகளை உலுக்கினேன். கண் பாதி திறந்து, எங்கோ பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. இவர் தடுமாறித் தடுமாறிக் கண்ணாடிகளை இறக்கினார். நெருப்பு மாதிரி வெளிக் காற்று உள்ளே பாய்ந்தது. கிளம்பும்போது நான் திட்டிய அதே அனல் காற்று. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது. கதவைத் திறந்து கால் ஊன்றினால் கால் நிற்கவில்லை. பின் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் பிள்ளையை எடுத்தேன். துணி மாதிரி துவண்டு வந்தான்.

மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, காற்று வீசும் பக்கமாகத் திருப்பித் தூக்கிப் பிடித்தாள். என் போனில் ஜோசியக்காரி இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் தலை தொங்காமல் நேராகப் பிடிக்க வேண்டும், மகளையும் வெளியே இழுக்க வேண்டும், காருக்குள் யாரும் திரும்பத் தலையை நுழைக்கக் கூடாது, 108-க்கு அடிக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, என்னால் செய்ய முடியாததை அந்த நுங்குக்காரப் பெண் செய்தாள். இவர் மகளை இழுத்து மண்ணில் உட்கார வைத்துவிட்டு, தன் போனில் 108-க்கு அடித்தபடி பைத்தியம் மாதிரி நின்றார்.

அந்தப் பெண்மணி ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்காலை விரலால் சுண்டினாள். ஒன்றும் இல்லை. "ஏலே அப்பு, அழுதுருடா. என் சாமி, அழுதுருடா" என்று கெஞ்சிக்கொண்டே மறுபடி சுண்டினாள். யார் பெற்ற பிள்ளைக்கோ அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டாரிடம் என்ன சொல்வேன் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், மனசு எவ்வளவு கேடுகெட்டது! திடீரென்று அவன் நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போட்டது. விக்கல் மாதிரி ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி, மெலிசாக, ஒரு அழுகை.

போனில் அந்த அழுகையைக் கேட்டுவிட்டு அவளும் அழுதாள். அதுவரை பிசிறில்லாமல் பேசியவள் அவள்.

ஆம்புலன்ஸ் வந்தது. போகிற வழியிலேயே அவனுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த நுங்குக்காரப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி வாசலுக்குள் நுழையவும் இடி இடித்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று, பின்னாலேயே கொட்டியது மழை. அந்த வருஷத்தின் முதல் கோடை மழை.

டாக்டர் இவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். காருக்குள் அந்தக் கட்டி புகையப் புகைய, நாங்கள் சுவாசிக்க வேண்டிய காற்றில் கரியமில வாயு நிறைந்துகொண்டே வந்திருக்கிறது. இவர் இரண்டு தடவை இறங்கி வெளிக் காற்று வாங்கியதால்தான் அதுவரை ஓட்ட முடிந்திருக்கிறது. இறங்காமல் உள்ளேயே இருந்தது நாங்கள் மூன்று பேர், அதிலும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது மகளும் பிள்ளையும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தூக்கத்திலேயே முடிந்திருக்கும், ஓட்டுகிறவரும் சேர்த்து என்றார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஜோசியக்காரி வந்து சேர்ந்தாள். செருப்பெல்லாம் சேறு. இவர் எழுந்து அவளைக் கையெடுத்துக் கும்பிடப் போனார், அவள் தடுத்துவிட்டாள். ரூமுக்குள் வைக்காதீர்கள் என்று சொன்ன வாய், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டதே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்த எங்களுக்கு அது இன்னும் சுட்டது.

மெதுவாகத்தான் விஷயம் எனக்கு விளங்கியது. மத்தியானம் ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து மேகம் திரளுவதைப் பார்த்திருக்கிறாள். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் பஸ் பிடித்து ஓடி வந்து வெளிப் படிக்கட்டு வழியாக மாடி ஏறியிருக்கிறாள். மாதக்கணக்கில் அவள் காத்துக் கிடந்த மழை தலைக்குமேல் கறுத்து நிற்கிறது, கொட்டகையில் பெட்டி இல்லை. அந்த மேகம் அன்றைக்குத் திரளாமல் போயிருந்தால் அவள் மறுநாள்தான் மாடிக்கு வந்திருப்பாள். வெறும் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களோடு அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். அவள் மழை அவள் கண் முன்னாலேயே பெய்து தீர்ந்துவிட்டது.

இவர் அதைக் கேட்டேவிட்டார். "ஏம்மா, இந்த மழைக்குத்தானே நீ காத்துக் கெடந்த?"

"அது கெடக்குதுங்க மாமா" என்றாள். அப்புறம் என் தோளைத் தொட்டுப் பிள்ளையைக் காட்டினாள். அவன் முகத்தில் பொம்மைக்கு வைக்கிற அளவில் ஒரு பிளாஸ்டிக் மாஸ்க். அதன் உள்பக்கத்தில் வெள்ளையாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. "பாருங்கக்கா, மூச்சுல தண்ணி" என்றாள். நாங்கள் இருவரும் அந்த ஆவி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மறுநாள் மகளையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று பிறகு பரிசோதனை செய்தும் சொன்னார்கள். கல்யாணம் வடமதுரையிலேயே வாங்கிய பூவோடு நடந்து முடிந்தது. தாய்மாமன் சீரில் பூ வாடியதா வதங்கியதா என்று ஒருவர்கூடப் பேசவில்லை. தாலி கட்டி முடிந்த கையோடு என் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். காரிலிருந்த பெட்டிகளை இவர் இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தார். அடியில் இருந்த மல்லிகையெல்லாம் குளிரிலேயே கருகிக் கண்ணாடி மாதிரி ஆகி, அப்புறம் கறுத்துக் குழைந்து கிடந்தது. பூவுக்கும் அது ஆகாதாம். இவர் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினார்.

அந்த நுங்குக்காரப் பெண்ணைத் தேடி ஒரு வாரம் கழித்து, சீசன் முடிவதற்குள் அந்தப் புளியமரத்தடிக்குப் போனோம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண்மணி அவனைப் பார்த்ததும், "இவனா? என்னமா அழுதான்!" என்று சிரித்துவிட்டு அவன் வாயில் நுங்குத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தாள். கொடுத்த சேலையை வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிள்ளை கையால் கொடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

ஜோசியக்காரி ஐப்பசி மழை வரைக்கும் வந்துகொண்டிருந்தாள். கிளம்புவதற்கு முன் லேப்டாப்பில் அவள் வேலையைக் காட்டினாள். வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எங்கள் மாடியில் ஒரு நாள் காற்றிலிருந்து பிடித்த சில சொட்டுத் தண்ணீராம். வைகாசியில் ஒரு இடம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தது. அந்த மழை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டேன். இனி அதைத் தெரிந்துகொள்ள முடியாதாம், போன ஆவி போனதுதானாம். எனக்கு மாப்பு கேட்கத் தெரியவில்லை. இட்லி மாவுக்குப் பக்கத்தில் அவள் பாட்டில்கள் இருந்த இடத்தை அதற்கப்புறம் வெகுநாள் வேறு எதுவும் வைக்காமல் காலியாகவே விட்டிருந்தேன்.

பேரன் இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். இங்கே வந்தால் மாடிக்குத்தான் இழுப்பான். மத்தியானம் அசந்து தூங்கும்போது வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை என்னால் தாங்க முடிவதில்லை. அடுப்படிக்குப் போய் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வந்து, அதன் அடிப்பக்கத்தை அவன் மூக்கருகில் பிடிப்பேன். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார் இவர், ஆனால் அவரும் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார். பளபளப்பில் மெலிசாக ஒரு ஆவி படிந்து மறையும். ஒரு சொட்டுத் தண்ணீருக்காக அந்தப் பெண் எங்கள் மாடி வெயிலில் அத்தனை நேரம் ஏன் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள் என்பது, ஒரு சொட்டுக்கும் தேறாத அந்த ஈரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விளங்குகிறது.